விண்ணின் மேல் சுமத்திய பழி

வானத்தை அண்ணாந்து பார்ப்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்றோர் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. நாளெல்லாம் மலையேறி இறங்கி, மாலையில் பேர் போட்டார்களா இல்லையா என்று கணக்குப் பார்த்து, இரவில் அலுத்துப் பாயில் விழும் தோட்டத் தொழிலாளிக்கு நட்சத்திர ஆராய்ச்சி எதற்கு என்று நல்ல மனம் படைத்தவர்களே கேட்கின்றனர். முதலில் அவனுக்குச் சோறு கொடுங்கள், வீடு கொடுங்கள், விஞ்ஞானம் பிறகு வரட்டும் என்பது அவர்களுடைய வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் ஓர் உண்மையை மறந்துவிடுகிறது. சோறும் வீடும் மருந்தும் கிடைக்காமற் போனதற்கு வானத்தையே காரணம் காட்டிப் பழகியவர்கள் நாம். ஆகவே வானத்தைப் பற்றிய அறிவு நமக்குப் பொழுதுபோக்கன்று; கணக்குத் தீர்க்கும் காரியம்.

அது மட்டுமன்று. எரிவெள்ளிகள் மிகுதியாகத் தோன்றும் நேரம் விடியுமுன் உள்ள இரண்டு மூன்று மணித்தியாலங்கள். அந்நேரத்தில் இந்த நாட்டில் விழித்திருப்பவர் யார்? மொனராகலையைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் அந்நேரம் லயக்காம்பிராக்களின் அடுப்புகள் புகையத் தொடங்கிவிடும். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் நிறைந்து விம்மி நிற்பது குளிர்ந்த விடியற்பொழுதில்தான். வெயில் ஏற ஏற மரம் நீரை இழக்கும், பாலின் ஓட்டம் தளரும். அதனாலேயே பால் வெட்டுபவர் பொழுது புலரும்போது மரத்தடியில் நிற்கவேண்டியிருக்கிறது. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலும் பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் ரொட்டி சுட்டு, பிள்ளையை எழுப்பி, தண்ணீர் எடுத்து வைக்க வேண்டிய பெண்கள் நான்கு மணிக்கு எழுகிறார்கள். பிபிலை, சியம்பலாண்டுவைப் பக்கத்துச் சிங்கள விவசாயி, பெரும்போகக் காலத்தில் யானையும் காட்டுப்பன்றியும் சேனைப் பயிரை அழிக்காதபடி காவற்பரணில் இரவெல்லாம் விழித்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறான். வானத்தின் சிறந்த நேரம் இவர்களுடைய கண்முன்னேதான் கழிகிறது. பார்க்கும் வாய்ப்பு இவர்களுக்கு இருந்தது. பார்த்ததன் பொருளைச் சொல்லிக்கொடுக்கத்தான் யாரும் வரவில்லை.

சொல்லிக்கொடுப்பார் இல்லாத இடத்தில் மக்கள் தாமே ஒரு பொருளைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். எரிவெள்ளி விழுந்தால் எங்கோ ஓர் உயிர் பிரிகிறது என்பது எங்கள் லயத்தில் யாரும் ஐயுறாத செய்தி. என் அம்மாயி அதைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிப் பச்சை மரமொன்றைப் பார்ப்பாள். எங்களையும் பார்க்கச் சொல்லுவாள். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். நால்வரில் மூவருக்கு அவளிடம் ஒவ்வோர் எரிவெள்ளி இருந்தது. “அன்னிக்கு ராத்திரி தண்ணி எடுக்கப் போனேன்; மேமலைக்கு மேல விழுந்திச்சு. எட்டாம் நாளு புள்ள போயிருச்சு” என்று நாள் நட்சத்திரத்தோடு சொல்லுவாள். அழுது சொல்லமாட்டாள், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பதுபோலச் சொல்லுவாள்.

இந்த நம்பிக்கையை அறியாத கிழவியின் பிதற்றல் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் இது தமிழ்க் கல்வியின் மிக உயர்ந்த பீடத்திலிருந்து இறங்கி வந்த நம்பிக்கை என்பதை நாம் மறந்துவிடலாகாது. புறநானூற்றின் 229 ஆம் பாடலில், பங்குனி மாதத்து இருள் சூழ்ந்த பாதி இரவில் விண்மீன் ஒன்று எரிந்து விழக் கண்டதைக் கூடலூர் கிழார் விரிவாகக் கூறுகிறார். அவர் அஞ்சியபடியே ஏழாம் நாள் கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபடுகிறான். புலவர் கண்ட எரிவெள்ளி அரசனுக்காக விழுந்தது. சாதாரணக் குடிமகன் ஒருவன் இறப்பதற்காக விண்மீனை விழச் செய்ய எந்தப் புலவரும் துணியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாயி அதைத் துணிந்து செய்தாள். பேர்ப் பதிவிலும் ஏறாத ஒரு கூலிக்காரன் குழந்தைக்கும் வானத்தில் ஒரு மீன் உண்டு என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில் உள்ள மனிதத்தை நான் மதிக்கிறேன். அதில் உள்ள காரணத்தை மட்டும் ஏற்க மறுக்கிறேன்.

இனி அந்தக் காட்சியைப் பார்ப்போம். ஆண்டுதோறும் திரும்பி வரும் எரிவெள்ளி மாரிகள் பல உண்டு. அவற்றுள் ஊவாவில் வாழும் நமக்கு மிகவும் வாய்ப்பானது ஓகஸ்ட் 12, 13 ஆம் நாட்களையொட்டி உச்சம் காண்பது. வடவானில் உள்ள பெர்சியஸ் என்னும் உடுக்கூட்டத்தின் திசையிலிருந்து புறப்படுவனபோலத் தோன்றுவதால் அதனைப் பெர்சீட் மாரி என்பர். அந்தக் காலத்தில் தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. மேற்கே அட்டன், தலவாக்கலையில் வானம் மூடிக்கிடக்க, இங்கே முகிலற்ற இரவுகள் வாய்க்கின்றன. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த மணம், யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இந்த உலர்காற்றினால் கொழுந்தில் ஏறுவது என்பதைத் தேயிலை வியாபாரிகள் அனைவரும் அறிவர். அதே காற்றுத்தான் வானத்தையும் துடைத்து வைக்கிறது. கொழுந்தின் மணம் கப்பலேறிப் போகிறது; துடைத்த வானமாவது நமக்கு மிஞ்சட்டும்.

மொனராகலைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை விளையாட்டுத் திடலுக்கு வரச்சொன்னேன். பெற்றோர் சிலரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட வந்தனர். விளக்குகளை அணைத்துவிட்டுச் சாக்கை விரித்துப் படுத்தோம். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமாகும் என்று சொல்லியிருந்தேன். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. சில, தீக்குச்சி உரசியதுபோல் ஒரு கீற்று. சில, வானத்தில் பாதியைக் கடந்து, போன வழியில் ஒரு புகைக்கோட்டைச் சற்று நேரம் விட்டுச் சென்றன. பிள்ளைகள் உரக்க எண்ணினார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் கணக்கு 47 ஆயிற்று.

அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: “சேர், இத்தன விழுகுதே, எத்தன பேரு சாகப் போறாங்க?”

ஒருவரும் சிரிக்கவில்லை. முந்தின ஆண்டு அவளுடைய தம்பி இறந்திருந்தான். இரவில் காய்ச்சல் முற்றி வலிப்புக் கண்டபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கவில்லை. விடிந்து லொறி வந்தபோது தேவை தீர்ந்துபோயிற்று. அந்த இரவில் வானத்தில் ஏதோ விழுந்ததை அவளுடைய தாய் கண்டிருந்தாளாம். ஆகவே அந்தக் கேள்வி விளையாட்டுக் கேள்வி அன்று. அதற்கு முழுமையான விடை சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அன்று தொடங்கிய விடையைத்தான் இங்கும் எழுதுகிறேன்.

முதலாவதாக, விழுவது நட்சத்திரம் அன்று. நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு சூரியன். அதில் ஒன்று நம்மை நோக்கி வந்தால் எண்ணுவதற்குப் பிள்ளைகளும் இருக்கமாட்டார்கள், ஆசிரியனும் இருக்கமாட்டான். அன்றிரவு 47 விழுந்த பிறகும் வானத்தில் நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. நாம் காண்பது மணலளவும் பயற்றளவுமான துகள்கள். பெர்சீட் துகள் செக்கனுக்கு 59 கிலோமீற்றர் வேகத்தில் காற்று மண்டலத்துள் பாய்கிறது. கொழும்பிலிருந்து பதுளை வரை புகைவண்டிப் பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். நாம் பகல் முழுவதும் இருந்து வரும் அந்தத் தூரத்தை அது ஐந்து செக்கனில் கடந்துவிடும். அந்த வேகத்தில் முன்னாலுள்ள காற்று நெருக்குண்டு கொதிக்கிறது, துகள் ஆவியாகிறது, அந்த ஆவியும் காற்றும் ஒளிவிடுகின்றன. தரையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்தில், ஒரு செக்கனுக்குள், எல்லாம் முடிந்துவிடுகிறது. சாம்பலும் நம் தலையில் விழுவதில்லை.

இரண்டாவதாக, ஏன் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் வருகின்றன? அவை வருவதில்லை, நாம் போகிறோம். ஓட்டைச் சாக்கோடு மணல் ஏற்றிய லொறி ஒன்று ஒரு பாதையில் ஓடினால் வழியெல்லாம் மணல் சிந்தும். லொறி போய் நெடுநாளான பின்பும் மணல் கிடக்கும். அந்தப் பாதையை நம் பாதை குறுக்கே வெட்டுமானால், அந்தச் சந்தியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் நம் காலில் மணல் படும். சுவிஃப்ட்-டட்டில் என்னும் வால்வெள்ளியே அந்த லொறி. 1862 யூலையில் லூயிஸ் சுவிஃப்ட், ஹொரேஸ் டட்டில் என்னும் அமெரிக்கர் இருவர் தனித்தனியே அதனைக் கண்டுபிடித்தனர். ஏறக்குறைய 26 கிலோமீற்றர் குறுக்களவுள்ள பனியும் தூசும் கலந்த கட்டி அது. சுமார் 130 ஆண்டுகளுக்கு ஒரு முறை சூரியனை நெருங்கி வருகிறது. ஒவ்வொரு வருகையிலும் வெப்பத்தால் பனி ஆவியாகத் தூசு சிந்துகிறது. பூமி அந்தத் தூசுப் பாதையைக் கடக்கும் சந்தி நம் நாட்காட்டியில் ஓகஸ்ட் 12, 13. எரிவெள்ளி மாரியையும் வால்வெள்ளியையும் இவ்வாறு இணைத்துக் காட்டியவர் இத்தாலிய வானியலறிஞர் ஸ்கியாப்பரெல்லி; ஆண்டு 1866.

மூன்றாவதாக, ஏன் விடியற்காலையில் மிகுதி? மழையில் பசறை வீதியால் ஓடும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். முன்கண்ணாடியில் நீர் அறைகிறது. பின்கண்ணாடியில் சில துளிகளே படுகின்றன. பூமி செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றி ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் அதன் முன்கண்ணாடி, விடியலை நோக்கியுள்ள பக்கம். நள்ளிரவு கடந்தபின் நாம் பின்புறத்திலிருந்து முன்புறத்துக்குச் சுழன்று வருகிறோம். அத்துடன் பெர்சியஸ் கூட்டமும் நம் நாட்டில் இரவு 11 மணியளவில்தான் வடகீழ் அடிவானில் எழுகிறது. விடியுமுன் நான்கு, நாலரை மணிக்கு வடவானில் நன்றாக உயர்ந்து நிற்கிறது. பால் வெட்டுக்காரர் எழும் நேரமும் அதுதான்.

நான்காவதாக, எல்லாம் ஓரிடத்திலிருந்து சிதறுவதுபோலத் தோன்றுவது ஏன்? சமதரையில் நிரை பிடித்து நட்ட ரப்பர் மரங்களின் நடுவே நின்றால் இரு பக்கத்து வரிசைகளும் தூரத்தில் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தெரியும். அவை கூடுவதில்லை என்பது அங்கு வேலை செய்பவர் எல்லோரும் அறிந்தது. துகள்களும் அவ்வாறே இணையான வழிகளில் ஓடிவருகின்றன. தூரமே அவற்றை ஒரு புள்ளியில் கூட்டிக் காட்டுகிறது. இந்த உதாரணத்தைச் சொன்னபோது பிள்ளைகளைவிட முன்னே விளங்கிக்கொண்டவர், திடலின் ஓரத்தில் கம்பளியோடு குந்தியிருந்த பால் வெட்டுக்காரர் ஒருவர். “அப்ப நிரைய நிமிந்து பாக்கிற மாதிரிதான்” என்றார். அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லியதில்லை.

இனி, யாருடைய சாவு என்ற கேள்விக்கு வருவோம். 1798 இல் ஜெர்மனியில் பிரண்டிஸ், பென்சன்பேர்க் என்னும் மாணவர் இருவர் ஒரு சோதனை செய்தனர். பல கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு இடங்களில் இருந்துகொண்டு, ஒரே எரிவெள்ளி எந்த நட்சத்திரங்களுக்கிடையே சென்றது என்று இருவரும் குறித்தனர். இரு இடத்துக் குறிப்புகளையும் ஒப்பிட்டு உயரத்தைக் கணித்தபோது அது மேகங்களுக்கெல்லாம் மிக மேலே என்று தெரிந்தது. இந்தக் கணக்கை நம் நாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். மொனராகலையில் நின்று வடவானில் பார்க்கும் எரிவெள்ளி உண்மையில் பொலன்னறுவைக்கு மேலே எரிந்துகொண்டிருக்கலாம். அதே கீற்றை மட்டக்களப்பில் வலை வீசும் மீனவரும் காண்கிறார். மகியங்கனையில் வயல் காப்பவரும் காண்கிறார். கண்டியிலுள்ள காவற்காரரும் காண்கிறார். மலையுச்சி பங்களாவில் தூக்கம் வராத துரையும் காண்கிறார். ஒவ்வொருவருக்கும் அது தம் வீட்டுக் கூரைக்கு நேரே விழுந்ததாகவே தோன்றும். அப்படியானால் அது யாருக்கு வந்த ஓலை? இத்தனை ஊர்களுக்கும் பொதுவான ஒன்றை நம் லயத்து மூன்றாம் காம்பிராவுக்கு வந்ததென்று எப்படிச் சொல்வது?

அச்சத்தின் பொருள், அஞ்சுபவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1833 நவம்பர் 13 ஆம் நாள் விடியற்காலையில் வட அமெரிக்காவின் மீது எரிவெள்ளிகள் பனிமழைபோலக் கொட்டின. ஆண்டுதோறும் நவம்பரில் சிறிய அளவில் வரும் இந்த லியோனிட் மாரி, ஏறக்குறைய 33 ஆண்டுக்கொரு முறை பெருகக்கூடியது. உலகம் முடிகிறதென்று பலர் தெருவில் மண்டியிட்டனர். மேரிலாந்து மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பதினைந்து வயதளவான அடிமைச் சிறுவன் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிற்காலத்தில் அடிமை முறைக்கு எதிராக உலகறியப் பேசிய பிரெடரிக் டக்ளஸ் அவன். 1855 இல் வெளியிட்ட தன் வரலாற்றில் அவர் அந்த விடியலை நினைவுகூர்கிறார். வேதம் சொல்லும் கடைசி நாள் வந்துவிட்டது என்றுதான் அவரும் எண்ணினார். ஆனால் வரப்போகிறவரைத் தம்முடைய மீட்பராக வரவேற்க அவர் ஆயத்தமாயிருந்தார். இழப்பதற்கு ஏதும் இல்லாதவனுக்கு வானம் இடிந்து விழுவதும் ஒரு நம்பிக்கை! எனினும் விடிந்தபோது வானம் அப்படியேயிருந்தது. அடிமை விலங்கும் அப்படியேயிருந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1838 இல், டக்ளஸ் தம் சொந்தத் துணிவினாலும் தோழர்களின் உதவியினாலும் தப்பியோடி விடுதலை பெற்றார். விண்மீன்கள் அவருக்கு விடுதலை தரவில்லை.

அதே விடியலில் இன்னொரு காரியமும் நடந்தது. நியூ ஹேவன் நகரில் யேல் கல்லூரிப் பேராசிரியரான டெனிசன் ஓம்ஸ்டெட், கண்டதை எழுதியனுப்புமாறு பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களைக் கேட்டார். பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றை ஒப்பிட்டே, எரிவெள்ளிகள் யாவும் சிங்கக் கூட்டத்தின் ஒரு புள்ளியிலிருந்து சிதறின என்றும், ஆகவே அவை பூமிக்கு வெளியிலிருந்து வருபவை என்றும் முடிவு கட்டினார். சாதாரண மக்கள் கண்ணால் கண்டு எழுதிய கடிதங்களே ஒரு விஞ்ஞானத் துறைக்கு அத்திவாரமாயின. ஓகஸ்ட் மாரியின் கதையும் அத்தகையதே. ஆண்டுதோறும் அது திரும்பி வருகிறதென்று பெல்ஜிய அறிஞர் கெத்தலே முதலியோர் 1830களில் அறிவித்தார்கள். ஆனால் ஐரோப்பியக் கிராம மக்கள் அதற்கு வெகு முன்பே அதனை அறிந்திருந்தனர். ஓகஸ்ட் 10 புனித லோரன்ஸ் திருநாளாதலால், எரிவெள்ளிகளை அந்தப் புனிதரின் கண்ணீர் என்று அவர்கள் அழைத்து வந்தார்கள். பெயர் பக்தியால் வந்தது, நாட்கணக்கோ பிழையற்றது. உழைக்கும் மக்களின் கண் பொய் சொல்வதில்லை. காரணத்தைக் கற்பிக்க ஆளில்லாதபோதுதான் அவர்கள் அதற்குக் கண்ணீர் என்றும் சாவு என்றும் பெயரிடுகிறார்கள்.

இப்போது என் அம்மாயியின் கணக்கைத் திறக்கலாம். பிறந்து எட்டாம் நாள் வாய் கிட்டிப் பால் குடிக்க முடியாமல் விறைத்து இறந்த குழந்தைக்கு வந்த நோயின் பெயர் ஏற்புவலி. தொப்புள்கொடியைச் சுத்தமற்ற கத்தியால் அறுத்ததால் உட்புகுந்த கிருமியின் வேலை அது. தோட்டங்களில் அது சிசுக்களை நெடுங்காலம் கொன்று குவித்தது. கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி போட்டு, பயிற்சி பெற்ற மருத்துவமாது கொதிக்கவைத்த கருவிகளோடு வரத் தொடங்கியதும் அந்நோய் பின்வாங்கிற்று. அவளுடைய இன்னொரு பிள்ளையைக் கொண்டுபோனது குளிர்காய்ச்சல். 1934, 35 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டைச் சூறையாடிய மலேரியா, ஊவாவின் தாழ்நிலத்தில் அதன் பின்னரும் வெகுகாலம் குடியிருந்தது. நுளம்பே அதன் வாகனம் என்றறிந்து நுளம்பை ஒழித்தார்கள். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1940களின் நடுவில் இந்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேல் ஓராண்டுக்குள் இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு.

இந்தக் காலம் முழுவதும் வானத்தில் ஏதாவது மாறியதா? இல்லை. கி.பி. 36 ஆம் ஆண்டிலேயே சீன வரலாற்றுக் குறிப்புகள் இந்த மாரியைப் பதிந்திருக்கின்றன. அன்றும் பொழிந்தது, அம்மாயி தண்ணீர்ப் பானையோடு நின்ற இரவிலும் பொழிந்தது, இன்றும் பொழிகிறது. எரிவெள்ளிகள் குறையவில்லை, குழந்தைகளின் சாவு குறைந்தது. ஒன்று குறையாமல் மற்றொன்று குறையுமானால், முன்னது பின்னதற்குக் காரணமாக இருக்க முடியாது. இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் தர்க்கம். அந்தச் சிறுமிக்கு அன்று நான் சொன்ன விடையின் சாரம் இதுவே. அவள் சற்று யோசித்துவிட்டு, “அப்ப லொறி வந்திருந்தா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் இந்த விஞ்ஞானம் முழுவதன் பயன். வானத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியவுடன் அக்கூண்டு வெறுமையாக நிற்கிறது. அதில் யாரை ஏற்றுவது என்ற கேள்வி தானாகவே எழுகிறது. இரவில் ஏன் வாகனம் இல்லை? ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை ஏன் செப்பனிடப்படவில்லை? வறண்ட ஓகஸ்டில் பீலித் தண்ணீர் வற்றியபின் நூறு குடும்பம் ஏன் ஓர் ஊற்றையே நம்பவேண்டும்? 1973, 74 இல் உணவு தட்டுப்பட்டபோது தோட்டங்களில் மரண விகிதம் ஏன் மேலெழுந்தது? அந்த ஈராண்டுகளிலும் ஓகஸ்ட் மாரி வழக்கம்போலவே வந்து போயிற்று. வராமற் போனது அரிசியும் மாவுமே. விதி என்றும் தலையெழுத்து என்றும் மீன் விழுந்தது என்றும் சொல்லும்வரை இக்கேள்விகளைக் கேட்க வாய் எழாது. பாமரரின் மூடநம்பிக்கை என்று நாம் பரிகசிப்பது, யாருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்தக் காட்சிக்குக் கட்டணம் ஏதும் இல்லை. கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்திடம் ஜப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. ஆனால் எரிவெள்ளி மாரிக்கு அது பயன்படாது. வானத்தின் சிறு துண்டைப் பெருக்கிக் காட்டும் கருவியை விட, வானம் முழுவதையும் ஒருங்கே பார்க்கும் மனிதக் கண்ணே இங்கு மேலானது. வேண்டுவன இருளும் பொறுமையும். இருளுக்கு எங்கள் மலையில் பஞ்சமில்லை. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலவு மங்கலானவற்றை விழுங்கிவிடும். அமாவாசையை ஒட்டி வரும் ஆண்டே சிறந்தது. 2026 ஓகஸ்ட் 12 அமாவாசை. நம் அகலாங்கில் பெர்சியஸ் கூட்டம் நடுவானம்வரை ஏறாதாகையால், நூறு என்று பத்திரிகைகள் எழுதினால் நாம் நாற்பது, ஐம்பதை எதிர்பார்க்கலாம்.

டிசம்பர் 13, 14 ஆம் நாட்களில் வரும் ஜெமினிட் மாரி இதனினும் செறிவானது. பின்னிரவில் அது நம் உச்சிக்கு அருகிலேயே நிற்கும். அதன் தாய் வால்வெள்ளி அன்று. 1983 இல் செய்மதி ஒன்றின் உதவியால் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தன் என்னும் சிறு கோள். ஆனால் அது வடகீழ்ப் பருவமழைக் காலம். ஊவாவின் வானம் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். மழை விட்டு முகில் பிளந்த இரவுகளில், சேனைக் காவலில் இருக்கும் சிங்களச் சகோதரனே அதற்கு முதற்சாட்சி. அவன் அதனை உல்காபாத என்கிறான். நம் பழைய நூல்கள் உற்காபாதம் என்கின்றன. சொல்லும் ஒன்று, அச்சமும் ஒன்று. அவனுடைய பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் இந்தப் பாடம் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்கப்படவேண்டியது.

சுவிஃப்ட்-டட்டில் வால்வெள்ளி 1862 இல் வந்தபோது, எம் முன்னோர் கோப்பித் தோட்டக் கூலிகளாக மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்துகொண்டிருந்தனர். வழியில் இறந்தோரைப் புதைத்துவிட்டு நடந்தனர். அது சூரியனை விட்டுத் தொலைவில் சென்று மீள்வதற்குள் கோப்பி அழிந்தது, தேயிலையும் ரப்பரும் வந்தன, 1948 இன் சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்தது, 1964 இன் ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது, தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அது மீண்டும் வந்தபோது, அதே ஆண்டில் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடியும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இத்தனை மாற்றத்துக்குள்ளும் மாறாமல் நின்றது லயக்காம்பிரா. 2003 இன் சட்டத்தால் எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வந்தபின்பும் பல்லாயிரம் குடும்பங்கள் அதே கூரையின்கீழ்தான் இருக்கின்றன.

அந்த வால்வெள்ளி அடுத்து வருவது 2126 இல். அதன் கணக்கு தவறாது; அதை மாற்ற நம்மால் ஆகாது. லயத்தின் கணக்கு மனிதர் எழுதியது, மனிதர் மாற்றக்கூடியது. அதுவரையில் ஒவ்வோர் ஓகஸ்டிலும் பிள்ளைகளை எழுப்பி வானத்தைக் காட்டுவோம். முகத்தைத் திருப்பிப் பச்சை மரத்தைத் தேட வேண்டாம். நேராகப் பார்த்து எண்ணச் சொல்லுவோம். எண்ணி முடித்தபின், அந்தச் சிறுமி கேட்டதுபோல லொறியைப் பற்றியும் கேட்கப் பழக்குவோம்.